உதவி கேட்கத் தயங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீண்ட நாள் நோயில் படுத்திருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களோடு பேசுவது என் வேலை. மருந்து, புண், தூக்கம் என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "யார்கிட்ட போய்க் கேக்கறது?" வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், படிக்கிற பிள்ளைகள், தனியாக இருக்கும் பெரியவர்கள் எனப் பலரும் இதே சந்தேகத்தை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் வரும் பதில்களை வைத்துத்தான் பின்னால் வருபவை போகும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

என் கஷ்டம் பார்த்தாலே தெரியாதா? வாயைத் திறந்து வேற கேக்கணுமா?

தெரியாது. நமக்குள் அது அவ்வளவு சத்தமாக ஓடிக்கொண்டிருப்பதால் வெளியிலும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். தாமஸ் கிலோவிச் முதலான உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் சிலரைப் பொய் சொல்ல வைத்தார்கள். சிலருக்கு வாயில் வைக்க முடியாத ஒரு பானத்தைக் கொடுத்து, முகத்தில் காட்டிக்கொள்ளாமல் குடிக்கச் சொன்னார்கள். பொய் சொன்னவர்களும் முகம் சுளிக்காமல் குடித்தவர்களும் "கண்டுபிடித்திருப்பார்கள்" என்றே நினைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்கள் நினைத்த அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

போதாததற்கு, யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். அதைக் கேட்டவர் நம்பிவிடுகிறார். நம்பாதவர்கூட "நாமாகப் போய்க் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ" என்று ஒதுங்கிப் போகிறார். இப்படி இரண்டு பக்கமும் காத்திருப்பதிலேயே நாள் ஓடிவிடும். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

கேட்டா முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டா?

சிலர் சொல்வார்கள். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸ்ஸா லேக் (இப்போது வனெஸ்ஸா போன்ஸ்) என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008-இல் எழுதினார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்ல வேண்டும், ஐந்து பேர் நிரப்பித் தரும்வரை விடக்கூடாது. போவதற்கு முன் "எத்தனை பேரைக் கேட்க வேண்டி வரும்?" என்று விசாரித்தபோது சராசரியாக 20 பேர் என்றார்கள். சுமார் 10 பேரைக் கேட்டதுமே வேலை முடிந்தது.

இந்த வித்தியாசத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. கேட்கிறவர், எதிரில் இருப்பவருக்கு ஆகும் சிரமத்தை மட்டுமே கணக்குப் போடுகிறார். எதிரில் இருப்பவரோ, ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து "மாட்டேன்" என்று சொல்லும் சங்கடத்தை நினைத்துப் பார்க்கிறார். அந்தச் சங்கடம் கேட்கிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. (இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மேலதிகாரி பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.)

கேட்டா, இவனுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைக்க மாட்டாங்களா?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேனேஜ்மென்ட் சயன்ஸ் இதழில் 2015-இல் வந்த ஓர் ஆய்வில், கடினமான வேலையில் ஆலோசனை கேட்டவரைக் கேட்காதவரைவிடத் திறமையானவராகவே மற்றவர்கள் மதித்தார்கள். மிக எளிய வேலைக்கு அப்படிக் கேட்டபோது அந்த மதிப்புக் கூடவில்லை. ஆகவே இரண்டு நிமிடம் தேடினால் கிடைக்கும் விஷயத்தைத் தேடிவிட்டுக் கேளுங்கள். மற்றதைத் தயங்காமல் கேளுங்கள்.

வேலையிடத்தில் பெயரைக் கெடுப்பது பெரும்பாலும் கேள்வி அல்ல, தாமதம். திங்கட்கிழமை ஐந்து நிமிடத்தில் தெளிந்திருக்க வேண்டியது வெள்ளிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து சரிசெய்யும் வேலையாகிவிடும். டொயோட்டா தொழிற்சாலைகளில் அசெம்பிளி லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஏதோ சரியில்லை என்று பட்டால் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம். 'ஆண்டான்' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். விளக்கு எரியும், குழுத் தலைவர் வந்து கூட நின்று பார்ப்பார், அந்தக் கட்டத்துக்குள் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். இழுத்தவரை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. பிழை வண்டியோடு கடைசிவரை போவதைவிட லைன் நிற்பது மேல் என்று அவர்கள் முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, கேக்கறேன். ஆனா எப்படின்னு தெரியல, வாயே வர மாட்டேங்குது.

முதலில், எப்படிக் கேட்கக்கூடாது என்று பார்ப்போம். "ஹலோ, ஃப்ரீயா? ஒரு சின்ன ஹெல்ப் வேணும்." படிக்கிறவருக்கு இது பெரிய தொல்லை. என்ன உதவி, எவ்வளவு நேரம் ஆகும், ஒத்துக்கொண்டால் எதில் மாட்டுவோம் என்று ஒன்றும் தெரியாது. பதில் போடாமல் தள்ளிப்போடத்தான் தோன்றும்.

இதையே இப்படி எழுதலாம்: "அண்ணா, வியாழக்கிழமை காலையில 10 மணிக்கு அப்பாவுக்கு ஸ்கேன். அவரைத் தனியா வண்டியில ஏத்தி இறக்க என்னால முடியல, போன தடவை ரெண்டு பேருமே விழப் பார்த்தோம். ஒன்பதரைலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் நீங்க கூட வர முடியுமா? தோதுப்படலைன்னா தயங்காம சொல்லுங்க, வேற ஒருத்தரையும் மனசுல வெச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும்." என்ன வேலை, எப்போது, எத்தனை மணி நேரம், ஏன் தனியாக முடியாது, எப்போதைக்குள் பதில் வேண்டும் என்று எல்லாம் இதில் இருக்கிறது. மறுப்பதற்கு வழியும் இருக்கிறது. அந்த வழியை விட்டுவைப்பதுதான் மரியாதை. அதனால் சம்மதம் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

காரணத்தைச் சொல்ல மறக்காதீர்கள். எலன் லாங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நகல் இயந்திரத்தில் வேலையைத் தொடங்கப் போகிறவரிடம் "5 பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். "அவசரம்" என்ற காரணத்தோடு கேட்டபோது 94 சதவீதம். "நகல் எடுக்க வேண்டும், அதனால்" என்ற வெற்றுக் காரணத்துக்கே 93 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் 20 பக்கம் என்றபோது வெற்றுக் காரணம் பலிக்கவில்லை. காரணமே சொல்லாதபோது கிடைத்த அதே 24 சதவீதம்தான். உண்மையான காரணம் சொன்னவர்களுக்கு 42. பெரிய உதவி கேட்கும்போது மக்கள் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், எடைபோடுகிறார்கள்.

இன்னொன்று, மன்னிப்பைக் குறையுங்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும், ரொம்ப சாரி, உங்களைப் போய்க் கேக்கறேனேன்னு…" என்று நீட்டினால், எதிரில் இருப்பவர் உங்களைத் தேற்றுவதா உதவுவதா என்று திணறுவார்.

"எது வேணும்னாலும் சொல்லுங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. அது சும்மா சொல்றதுதானே?

சிலர் சும்மாதான் சொல்கிறார்கள். பலர் நிஜமாகவே சொல்கிறார்கள், ஆனால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது உங்கள் பங்கு.

பக்கவாதத்தில் படுத்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா செய்ததை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் தன் வாரத்து வேலைகளை எல்லாம் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். மாத்திரை வாங்கி வருவது, செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்குப் பிடித்துக்கொண்டு போவது, கரண்ட் பில் கட்டுவது, சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. தான்தான் செய்தாக வேண்டியவற்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி. பார்க்க வந்தவர் யாராவது "எது வேணும்னாலும் சொல்லுங்க" என்றால், அவர் பேசாமல் கதவைக் காட்டி, "புள்ளி இல்லாததுல எது உங்களுக்கு ஒத்துவரும்?" என்பார். வந்தவர்கள் நின்று படிப்பார்கள். பேச்சுத்துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டவர் கணவரோடு அதுவரை அதிகம் பழகாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால் அவரிடம் போய்க் கேட்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

குரூப்ல மெசேஜ் போட்டேன். எல்லாரும் பார்த்திருக்காங்க, ஒருத்தர்கூட பதில் போடல. இவ்வளவுதானா மனுஷங்க?

மனிதர்களைக் குறைசொல்லும் முன் கேட்ட விதத்தைப் பாருங்கள். எல்லோரிடமும் கேட்டால் யாரிடமும் கேட்டதாக ஆவதில்லை. ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், இன்டர்காமில் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் நடிப்பு நடந்தது. தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அவர் பேசி முடிப்பதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழாதவர்கள் கல்மனதுக்காரர்கள் அல்ல. பலர் கை நடுங்க உட்கார்ந்திருந்தார்கள் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாலையில் விபத்து நடந்தாலும் இதேதான்: கூட்டத்தைப் பார்த்து "யாராவது வாங்க" என்று கத்தாமல், "நீலச் சட்டை போட்டிருக்கற தம்பி, நீங்க ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்க" என்று விரல் நீட்டிச் சொல்லுங்கள். முடிந்தவரை நேரில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஃபோனில். போன்ஸும் மஹ்தி ரோகனிசாதும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் நேரில் கேட்டது மின்னஞ்சலில் கேட்டதைவிட 34 மடங்கு பலித்தது. அனுப்பியவர்களோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எண்ணியிருந்தார்கள்.

நெருங்கினவங்களையே எத்தனை தடவை கேக்கறது? அவங்களுக்கும் சலிச்சுப் போகாதா?

சலிக்கும். அதனால்தான் வட்டத்தை அகட்ட வேண்டும். வேலை தேடுவது, ஒரு நல்ல மருத்துவரைக் கண்டுபிடிப்பது, ஒரு விண்ணப்பம் எப்படி நகரும் என்று அறிவது போன்றவற்றுக்கு லேசாகப் பழகியவர்களே பல நேரம் அதிகம் பயன்படுவார்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் கிட்டத்தட்ட 17 சதவீதம் பேர்தான் அந்த நபரை அடிக்கடி பார்ப்பவர்கள். மீதிப் பேர் எப்போதாவதோ அரிதாகவோ பார்ப்பவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பதுதான் காரணம்.

நெருங்கியவர்களை, அவர்களால் மட்டுமே முடிகிற விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மனம் விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும் என்றால் அதற்கு அறிமுகமானவர் போதாது.

எல்லாத்துக்கும் கேட்டுப் பழகிட்டா சோம்பேறி ஆயிட மாட்டோமா?

ஆரி நாட்லர் என்ற உளவியலாளர் உதவி கேட்பதில் இரண்டு வகையைப் பிரிக்கிறார். ஒன்று, "இதைச் செய்து கொடுங்கள்" என்பது. மற்றது, "இதைச் செய்யும் வழியைக் காட்டுங்கள்" என்பது. திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு முதல் வகையிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் பயம் நியாயமானது. இரண்டாவது வகை உங்களை வளர்க்கும். இன்று ஒருவர் துணையோடு செய்ய முடிவதைத்தான் ஒரு குழந்தை நாளை தனியாகச் செய்யும் என்று வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர் எழுதியது பெரியவர்களுக்கும் பொருந்தும். கேட்கும்போது "இதுவரை இதையெல்லாம் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் நிற்கிறேன்" என்று சேர்த்துச் சொன்னால் பதிலும் சரியாக வரும்.

ஆனால் இதையே சாக்காக வைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும். அதற்காக எல்லா நாளும் தனி ஆளாகத் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்வது சுயமரியாதை ஆகாது.

உதவி வாங்கிட்டா அவங்களுக்குக் கடன்பட்ட மாதிரியே இருக்கு. உடனே ஏதாவது திருப்பிச் செஞ்சாத்தான் நிம்மதி.

அந்த அவசரத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். காலையில் உதவியவருக்குச் சாயங்காலமே பரிசோடு போய் நின்றால் கணக்கைத் தீர்க்க வந்ததுபோல் ஆகிவிடும். ஷூவான் சாவோவும் நிக்கலஸ் எப்லியும் 2022-இல் வெளியிட்ட ஆய்வுகளில், உதவி பெற்றவர்கள் நினைத்ததைவிட உதவியவர்கள் அதிக மகிழ்ச்சியோடும் குறைந்த சிரமத்தோடும் அதைச் செய்திருந்தார்கள். நீங்கள் பாரம் என்று நினைத்தது அவருக்கு அந்த நாளின் நல்ல பகுதியாக இருந்திருக்கலாம்.

உதவியவருக்குத் திருப்பித் தர வேண்டியது முதலில் செய்திதான். "நீங்கள் சொன்ன மருத்துவரைப் பார்த்தோம், வலி குறைந்திருக்கிறது" என்று ஒரு வரி. இதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். நாம் அலைந்தது என்ன ஆனது என்றே தெரியாமல் போவதுதான் உதவியவரை அடுத்த முறை யோசிக்க வைக்கும்.

பணம் கேக்கறதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். தொகை, திருப்பித் தரும் தேதி இரண்டையும் கேட்கும்போதே சொல்லி, எழுதி வையுங்கள். தேதி தவறும் என்று தெரிந்தால் அவர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். கொடுத்தால் அவர் குடும்பமே தள்ளாடும் என்ற நிலையில் இருப்பவரிடம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கேட்காதீர்கள்.

ஒரு தடவை கேட்டு முடியாதுன்னுட்டாங்க. இனி அவங்களைக் கேக்கவே கூடாதுன்னு இருக்கேன்.

அவர் மறுத்தது அந்த நாளை, அந்த வேலையை. நாம் அதை நம்மையே மறுத்ததாக எடுத்துக்கொள்கிறோம். டேனியல் நியூவார்க், ஃப்ளின், போன்ஸ் மூவரும் 2014-இல் எழுதிய ஆய்வில், ஒருமுறை மறுத்தவர் அடுத்த முறையும் மறுப்பார் என்றே கேட்டவர்கள் எதிர்பார்த்தார்கள். மறுத்தவர்களோ அடுத்த வேண்டுகோளுக்கு அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே மறுத்த சங்கடம் அவர்கள் மனதிலும் இருக்கிறது.

அடுத்து அவரைப் பார்க்கும்போது வழக்கம்போலப் பேசுங்கள். கொஞ்ச நாள் கழித்து, வேறு ஒரு சின்ன விஷயத்தைக் கேளுங்கள். மூன்றாவது முறையும் தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள்.

நான் மேலதிகாரி. நான் கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்றதில்ல. மனசோட செய்யறாங்களா, பயந்து செய்யறாங்களா?

இதைக் கேட்கத் தோன்றியதே நல்லது. முகத்துக்கு நேரே மறுப்பது கடினம் என்று இரண்டாவது கேள்வியில் சொன்னேன். அந்தக் கடினத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. போன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தெரியாதவர்களிடம் போய் நூலகப் புத்தகத்தில் பேனாவால் ஒரு வார்த்தை எழுதச் சொன்னார்கள். தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே பாதிக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். தெரியாதவருக்கே மறுக்க முடியவில்லை என்றால், சம்பள உயர்வைத் தீர்மானிக்கிறவருக்கு எப்படி மறுப்பது?

அதிகாரம் உள்ளவர் வேலைக்கு வெளியே உள்ள சொந்த உதவியைத் தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வேலை சம்பந்தமாகக் கேட்கும்போது உடனே பதில் எதிர்பார்க்காமல் ஒரு நாள் கொடுங்கள், எழுத்தில் கேளுங்கள். மற்ற இடங்களில் நேரில் கேட்பது நல்லது என்றேன், இங்கே மட்டும் தலைகீழ். முன்பு ஒருவர் மறுத்தபோது நீங்கள் முகம் கோணாமல் இருந்தீர்களா என்பதை வைத்துத்தான் மற்றவர்கள் உங்களிடம் மறுக்கலாமா என்று முடிவெடுப்பார்கள்.

உதவி செஞ்சவங்க அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டறாங்க. எங்க வீட்டு விஷயத்துல எல்லாம் தலையிடறாங்க.

நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள், கட்டுப்படக் கடமைப்படவில்லை. "நீங்க செஞ்சதை நாங்க மறக்கல. இந்த முடிவு மட்டும் எங்களோடது" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லுங்கள். தொடர்ந்தால் அவரிடம் இனி கேட்காதீர்கள். ஒரே ஆளை நம்பி இருக்கும்போதுதான் இந்த நிலைமை முற்றுகிறது. வட்டத்தை அகட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில ராத்திரி செத்துப் போயிடலாம்னு தோணுது. இதைப் போய் யார்கிட்ட எப்படிச் சொல்றது?

இதற்கு மட்டும் நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள். இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்: "எனக்குச் செத்துப் போகணும்னு தோணுது. தனியா இருக்க பயமா இருக்கு. என்கூட இருங்க." இதுவே போதும். எண்ணம் இப்போதே அழுத்தினால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர எண்ணுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ ஃபோன் செய்யுங்கள். உங்களைக் காயப்படுத்தக்கூடிய எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபடி வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். முதலில் சொன்ன ஆள் சரியாகக் காது கொடுக்காவிட்டால் அடுத்தவரிடம் சொல்லுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் அறிவுரை வேண்டாம், கூட இருங்கள், சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். சந்தேகமாக இருந்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

எங்க அப்பா உதவியே கேக்க மாட்டேங்கறார். செஞ்சாலும் கோவப்படறார். என்ன பண்றது?

இவ்வளவு காலம் கொடுத்தே பழகிய கை அது. "உங்களால முடியாது, விடுங்க" என்று பிடுங்கினால் இன்னும் இறுக்கிக்கொள்ளும். வேலை முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல், கஷ்டமான துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: படிவத்தை அவர் நிரப்பட்டும், பொடி எழுத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். "உதவி வேணுமா?" என்றால் வேண்டாம் என்றுதான் வரும். "காலையில வரட்டுமா, சாயங்காலம் வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அதைவிட நன்றாக வேலை செய்வது, நீங்கள் அவரிடம் உதவி கேட்பது. அவருக்குத் தெரிந்த ஒரு வேலையை, உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றைக் கேளுங்கள். பொய்யாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். தானும் கொடுக்கிறோம் என்று தெரிகிற வீட்டில் வாங்கிக்கொள்வது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது.